இரண்டாம் குழி

எண்பத்தாறு பக்க மாதிரி வினாத்தாள்.
நாற்பத்திமூன்றாம் பக்கத்தில், யானைப் படத்துக்கு வந்ததும்
கம்ப்யூட்டர் நின்றுவிடும்.
மௌஸை அசைத்தால் அம்பு
சேற்றுக்குள் கால் வைத்த மாதிரி நகரும்.
"ராம் காணாது, ராத்தா" என்றான் கல்முனைக் கடையில் நிஸ்தார்.
"இந்த மெஷினுக்கு இனிச் செலவழிக்காதீங்க" என்றும் சொன்னான்,
சொல்லிக்கொண்டே லாச்சியைத் திறந்து
பாவித்த இரண்டு ஜீபீ ஒன்றை எடுத்துத் துடைத்தான்.
ஆயிரத்தி எண்ணூறு ரூபா.
திருப்பி எடுக்கமாட்டான்.

பூட்டினோம்.
திரை கறுப்பு.
உள்ளேயிருந்து நீளமாக ஒரு கூவல்,
மூச்சு வாங்கி, மறுபடி அதே கூவல்.
மதிலுக்கு அப்பாலிருந்து மாமி
"குக்கர் அடிக்குது புள்ள" என்று சத்தம் வைத்தா.

ஜெஸீல் ஒலுவிலில் போட் எஞ்சின் பார்க்கிறவர்.
எல்லாக் கோளாறும் அவருக்கு பிளக்கில்தான் தொடங்கும்.
எமரித் தாளோடு வந்து நின்றார்.
"அல்லாஹ்வே, அதால தேய்க்காதீங்க,
தங்கப் பூச்சு போயிரும்."
"தங்கமா?"
வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்
அடகு பிடிக்கிறவன் மாதிரி.
ஹிமாயாவின் ஸ்ட்ரோபரி வாசனை அழிறப்பரால்
பல் பல்லாக நான் தேய்த்தேன்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால், கூவல்.
பழையது தனியே முதலாம் குழியில்: சத்தமில்லை, பழைய சீவியம்.
புதியது தனியே இரண்டாம் குழியில்: கூவல்.
பழையதையும் அங்கே மாற்றினேன். கூவல்.
அப்போதுதான் டோர்ச்சை உள்ளுக்கு அடித்தார்.
குழியின் அடியில் நாலைந்து கம்பிகள்
பாசி பிடித்த பச்சை.
"உப்பு."
அவருக்குத் தெரிந்த ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது.

கடல் எங்களுக்கு முன்னூறு மீட்டர்.
ஜன்னல் கம்பி, தையல் மெஷின் ஊசி, கதவுப் பிணைச்சல்
எல்லாத்தையும் நக்கியாயிற்று.
இது பெட்டிக்குள் இருக்கிறது, தப்பும் என்று
நான் நம்பியிருக்கிறேன் பாருங்கள்.

புதியதை முதலாம் குழியில் வைத்து அழுத்தினேன்,
இரண்டு பக்கக் கொளுக்கியும் டிக்கென்று எழும்பும்வரை.
பொத்தான் பெட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் வைத்தால்
பழைய கணக்கை மறந்துவிடுமாம்.
கழற்றினோம். தேத்தண்ணி குடித்தோம். மாட்டினோம்.

கூவவில்லை.
நீலத் திரையில் வெள்ளை எழுத்து:
மெமரி 2048.
அதற்குக் கீழே
2005 ஜனவரி 1, சனி.

ஜெஸீல் டோர்ச்சை அணைக்கவில்லை.
சுவரில் அதன் வட்டம் ஆடாமல் நின்றது.
அந்தச் சனிக்கிழமை ஆறு நாளாகியிருந்தது.
அவர் கடற்கரைக்குப் போகவில்லை,
கடற்கரைதான் ஊருக்குள் வந்து கிடந்தது.
பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய பட்டியலில்
நானாவின் பெயரை எழுத்துப் பிழையோடு கண்டதாக
நிக்காஹ் முடிந்து நாலாம் மாதம் ஒருதரம் சொன்னார்.
பிறகு சொன்னதில்லை.

"வருஷத்த மாத்து."
பிளஸ் பொத்தானை ஒருதரம் அமத்தினால் ஒரு வருஷம்.
பத்தொன்பது தரம்.
அமத்திக்கொண்டு போனதில்
எங்கள் நிக்காஹ் வருஷத்தையும் தாண்டிவிட்டேன்,
கவனிக்கவில்லை.
மாதம். நாள். மஃரிபுக்குப் பிந்திய நேரம்.
எஃப் பத்து. ஆம்.

யானை வந்தது.
நாற்பத்திநாலாம் பக்கமும் வந்தது.
நான் திரும்பி யானைக்கே போனேன்.
"படத்தில் எத்தனை யானைகள் உள்ளன?"
மூன்று என்று விடைத்தாளில் அடித்திருக்கிறேன்.
மரத்துக்குப் பின்னால் இன்னொரு தும்பிக்கை.
சேருக்குக் கோல் எடுத்துச் சொல்லவேணும்.

பழைய ஒரு ஜீபீ ஹிமாயாவிடம்,
பொம்மைக்குச் சீப்பு.
மூடியைப் பூட்டுமுன் டேப்பில் எழுதி
இரண்டாம் குழிக்கு மேல் ஒட்டினேன்:
"இதுக்குள்ள ஒண்டும் வைக்காதீங்க. உப்பு."
ஒரு ஸ்குரூ மிஞ்சியது.
ஜெஸீல் அதை எடுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.