நாற்பத்தாறாம் பல்

சீட்டில் இவ்வளவுதான்:
செங்கோட்டுவேலு, ஐம்பத்திரண்டு,
கீழ்த்தாடை வலது, மூன்று பல் பாலம்,
நாற்பத்தாறாம் பல் இல்லை.
நிறம் என்ற கட்டத்தில்
டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

நான் வாய்களைப் பார்ப்பதில்லை.
சங்ககிரி ரோட்டில், ரிக் பட்டறைக்கு மேல்மாடியில்
எனக்கு வந்துசேர்பவை மாவில் வார்த்த தாடைகள்.
பேசாது, எச்சில் விழுங்காது.
இவர் நேரிலேயே வந்துவிட்டார்.
"ராத்திரி வண்டி ராய்ப்பூர் கெளம்புதுங்.
பல்லு எப்பங்?"

நாளை என்றேன்.
வண்டி நிற்காது என்றார்.
(நின்றது. பல்லுக்காக அல்ல,
கம்ப்ரஸர் மக்கர்.)

எதில் செய்வீர்கள் என்று கேட்டார்.
உலோகத்தின் மேல் பீங்கான் சுடலாம்.
சூளையை விட்டு இறங்கி ஆறும்போது
உலோகம் ஒரு மயிரிழை கூடுதலாகச் சுருங்கி
பீங்கானை இறுக்கிப் பிடிக்கவேண்டும்.
கணக்குத் தப்பினால்
ஆறு மாதம் கழித்து ஒரு பொரிகடலை போதும்.
தங்கம் நல்லது, எதிர்ப்பல்லோடு சேர்ந்து தேயும்,
என்று சொல்லி முடிக்குமுன்
இன்றைய பவுன் விலையை அவரே சொல்லிச் சிரித்தார்.

"இருக்கறதுலயே கெட்டியானது போடுங்க."
சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்:
பிட்டிலிருந்து கழன்ற பட்டன் ஒன்று,
மொண்ணையாகத் தேய்ந்தது.
"ஆயிரத்திருநூறு அடி எறங்குனதுங்."
டங்ஸ்டன் கார்பைடு.
என் கைக்கருவியின் முனையிலும் அதுதான்,
அரிசிமணி அளவில்.
பக்கத்துப் பற்கள் இரண்டையும்
டாக்டர் அரைத்து ஒடுக்கியதும் அதே சாதியால்தான்.
இல்லாத ஒன்றைச் சுமக்க
இருப்பவை இளைக்கவேண்டும்.

ஜிர்கோனியா என்று முடிவானது.
கெட்டியானது மேல்பல்லைத் தின்றுவிடாதா என்றார்.
கெட்டி தின்னாது, சொரசொரப்புதான் தின்னும்.
மெருகு ஏற்றிவிட்டால் மேல்பல் வழுக்கிப்போகும்.
"எங்க பிட்டுக்கு மெருகு போட்டா
பாறை சிரிக்குமுங்."

கடையும்போது அது சாக்பீஸ்தான்.
நகத்தால் கீறலாம்.
ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால்
பெரிய தாடைக்காரன் ஒருவனுக்குச் செய்வதுபோலச் செய்து
ஆயிரத்தைந்நூறு டிகிரியில் விடியவிடிய வேகவைத்தேன்.
பற்கள் ஒட்டும் கழுத்தில் ஒரு இழை தடிமன் கூட்டினேன்.
இடைவெளி இரண்டு மடங்கானால்
வளைவு எட்டு மடங்கு.
பள்ளிபாளையம் பாலத்தில் பஸ் நகராத சாயங்காலங்களில்
தூண்களை எண்ணும் வழக்கம் எனக்குண்டு.

நிறம்தான் பாக்கி.
பதினாறு மாதிரிகளை அவர் உதட்டருகே பிடித்தேன்,
ஒன்றும் ஒத்துவரவில்லை.
அவர் பற்களில் குறுக்காகக் காப்பிக்கறைப் பட்டைகள்,
ஊடே சுண்ணாம்புத் திட்டுகள்.
"நாங்க போட்ட போர்த் தண்ணிதானுங்,
ஊரே குடிச்சுது, நானும் குடிச்சேன்."
வெள்ளையாகவே வைத்துவிடலாம்,
பின்பல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.
"லாரிக் கண்ணாடில கொட்டாவி விட்டா
நான் பாப்பனுங்."

பழுதில்லாமல் செய்வதே என் தொழில்.
அன்று மூன்று மயிர் தூரிகையால்
பழுப்பை எடுத்து
ஒரு பழுதை அச்சுப் பிசகாமல் வரைந்தேன்.
பட்டை பக்கத்துப் பல்லில் விட்ட இடத்தில் தொடங்கி
அடுத்ததில் போய்ச் சேரவேண்டும்.
நாலு முறை அழித்தேன்.

டாக்டர் ஒட்டி அனுப்பிவிட்டதாகத் தகவல்.
வாயில் எப்படி அமர்ந்ததென்று நான் பார்க்கவில்லை.

மாவுத் தாடை என் அலமாரியில் இருக்கிறது,
மூன்றாம் தட்டு, ராசிபுரம் டீச்சருக்குப் பக்கத்தில்.
அவர் மறந்துபோன பட்டனை
அந்தப் பொக்கை இடத்தில் வைத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் பெரிது.