ஆறு மாதிரி

கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை
டெல்டாவை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டியிருக்கிறேன்,
கட்டம் போட்ட கைலியைத்
தரையில் விரித்த மாதிரி.

கட்டத்துக்கு ஒரு எண். ஒரு மண்.
மேலே களி, அடியில் மணல், அதற்கும் அடியில்
யாரும் இறங்கிப் பார்க்காத ஊகம்.
ஆற்றுக்கும் நிலத்துக்கும் இடையே
ஒரு மீட்டர் வண்டல் என்று வைத்துக்கொண்டேன்.
அதன் வழியே நாளொன்றுக்கு எவ்வளவு நீர் கைமாறும்
என்பதற்கு ஒருவரிச் சமன்பாடு:
ஆற்று மட்டத்திலிருந்து நிலத்தடி மட்டத்தைக் கழி.
கூட்டலில் வந்தால் ஆறு கொடுக்கிறது,
கழித்தலில் வந்தால் வாங்குகிறது.
கைமாற்றுக் கணக்குதான். வட்டி கிடையாது.

இருபது வருடத்தை நாலு மணி நேரத்தில்
ஓட்டி முடித்தது கணினி.
மேட்டூர் திறந்தது, மூடியது, திறக்காமலே போனது.
குறுவை காய்ந்தது, தாளடி மூழ்கியது.
எல்லாக் கிணறும் ஏறக்குறைய ஒத்துப்போனது.

வரிசை 61, நிரல் 68.
நீடாமங்கலத்துக்குச் சற்றுக் கிழக்கே, வெண்ணாற்றங்கரை.
என் கணக்கில் தண்ணீர் நாலு மீட்டரில் நிற்கிறது.
மட்டம் அளக்கும் பக்கிரிசாமியின் நோட்டில்
ஏழரை.

சௌரிராஜன் சார் சிரித்தார்:
"கட்டமும் சரியில்ல, ஏழரையும் நடக்குது.
பேசாம அந்தக் கிணத்த எடுத்துடும்மா, பிழை கொறஞ்சிடும்."

எடுத்துவிடலாம்.
வரிக்கு முன்னால் ஒரு சிறு குறி போட்டால்
ஒரு கிணறு தூர்ந்துபோகும்.

டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று
பக்கிரிசாமியை நினைத்துக்கொண்டே
வைகாசி வெயிலில் பஸ் ஏறினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து
குழாய்க்குள் விட்டார்.
நெடுநேரம் கழித்து ஒரு "டொப்".
இழுத்து, நனைந்த இடத்தை என் பக்கம் திருப்பினார்.
ஏழு நாற்பத்தெட்டு.
அப்போது என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாரே,
அது பெரிய மனது.

பிறகு ஆற்றைக் காட்டினார்.

இறங்கினேன்.
வரைபடத்தில் ஆறு முடிகிற ஆழத்தில்
பாதிகூட வரவில்லை, இன்னும் இறங்கினேன்.
பாலத்தின் தூண்கள் அஸ்திவாரம் தெரிய,
வேட்டி மடித்துக் கட்டிய ஆட்கள் மாதிரி நின்றன.
நான் எண்ணை எடுத்த சர்வே தாளுக்கு
என் வயதைவிட அதிக வயது.
அதில் இருந்த மணல்
எந்தெந்த ஊரில் எத்தனையாவது மாடியாக இருக்கிறதோ.
மழைக்கு, பம்புக்கு, வாய்க்காலுக்கு
என் மாதிரியில் தனித்தனிக் கோப்பு உண்டு.
லாரிக்கு இல்லை.

பள்ளத்தின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர்.
பவுனம்பாள் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.
"ஆத்துத் தண்ணின்னு நெனச்சீங்களா?
கால வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும்."
வெட்டுண்ட கரையில் கணுக்கால் உயரத்தில்
ஒரு ஈரக்கோடு, நிற்காத கசிவு.
வெப்பமானியை அங்கே செருகினேன்.
வெளியே முப்பத்தொன்பது. உள்ளே இருபத்தொன்பது.
அது வயலின் தண்ணீர்.
வறண்ட ஆறு நிலத்திடம் வாங்கிக்கொண்டிருந்தது.

"மேட்டூர் எப்பத் தொறப்பாங்க?" என்றார் பவுனம்பாள்.
இருபது வருடத்தைக் கைக்குள் வைத்திருந்தவள்
தெரியாது என்றேன்.
திறந்தாலும் முதல் தண்ணீர்
இந்தப் பள்ளங்களைத் தூர்த்த பிறகுதான்
தலைஞாயிறு பக்கம் போகும் என்பதையும்,
அதுவரை அங்கே அடியில்
கடல் சும்மா இருக்காது என்பதையும்
சொல்லவில்லை. எருமை ஒருமுறை
தலையை உதறியது, சட்டையெல்லாம் தண்ணீர்.

இரவு அந்தக் கட்டத்தில்
ஆற்றுப் படுகையை நாலு மீட்டர் இறக்கினேன்.
விடைக்கு முன்னால்
சின்னதாக ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்தது.
சிவப்புப் புள்ளி நீலமானது.
இப்போது என் ஆறு, ஆறு மாதிரி இல்லை.
அங்கே இருப்பதும் இல்லை.
இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஆனி பிறந்ததும் பக்கிரிசாமியிடமிருந்து வாட்ஸப்.
ஏழு அறுபத்தொன்று.
என் கணக்கு ஏழு ஐம்பத்தெட்டு.
அனுப்பினேன்.
"கிட்ட வந்துட்டீங்க மேடம்" என்று எழுதியிருந்தார்,
கும்பிடும் கை ஒன்றும் சேர்த்து.