எரியாதது

டாண்டினோங்கில், தண்டவாளத்துக்குப் பின்புறச் சந்தில்,
ஷட்டரை முழங்காலளவு இறக்கிவிட்டு
இரவு ஒன்பதரைக்கு
ஒரு ஃபில்டரை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
பழையதைக் கழற்று, புதியதைப் பூட்டு, காசை வாங்கு:
அவ்வளவுதான் என் தொழில்.

வான் ஸ்டாவ்ரூலாவுடையது.
நாலு மணிக்கு ரொட்டி ஏற்றி
நோபிள் பார்க், ஸ்பிரிங்வேல், கீஸ்பரோ என்று
கடைக்குக் கடை நின்று நின்று போகும்.
சூடேறும் முன்னே அணைந்துவிடும் எஞ்சின்.
மஞ்சள் விளக்கு எரிந்த அன்று அவளே சொன்னாள்:
"என் ஓட்டம்தான் பிழை, இல்லையா?
பெரிய ரோட்டில் அரைமணி நேரம் விரட்டி ஓட்டச் சொன்னாய்.
எனக்கு எங்கே இருக்கிறது அந்த அரைமணி நேரம்?"
நான் தலையை ஆட்டினேன்.
ஆமா, இல்லையா என்று
தலைக்கே தெரியாத ஓர் ஆட்டம்.

அறுத்த வாயைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினேன்.
கறுப்பு கொஞ்சம் வந்தது.
அது டீசலின் கரி, அவளுடைய பங்கு.
அறுநூறு பாகைச் சூடு கிடைத்திருந்தால்
அது காற்றோடு போயிருக்கும்.

பிறகு வந்தது வேறு.
வெளிர்ந்து, மெத்தென்று,
அடைத்துக் கிடந்த துளைகளின் அடியிலிருந்து
குச்சி குச்சியாய் உடைந்து விழுந்தது.
கால்சியம், துத்தநாகம், மக்னீசியம்.
எஞ்சினை அமிலம் தின்னாதிருக்க
எண்ணெயில் கலந்துவைத்த காவல்காரர்கள்.
எண்ணெய் துளித்துளியாய் எரிந்துபோக
இவர்கள் மட்டும் எரியாமல் இறங்கி வந்து
கடைசி அறையில் குந்திவிட்டார்கள்.
நீறு பூத்த நெருப்பு என்போம்.
இங்கே நெருப்பு எப்போதோ போய்விட்டது,
நீறு மட்டும் பூத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
எரிந்து முடிந்ததை
இன்னும் எந்தத் தீ எரிக்கும்?

மூலையில் அந்த நீல டிரம்.
இருநூற்றைந்து லீட்டர்.
ஒரு லாரிக் கம்பனி மூடியபோது ஏலத்தில் எடுத்தது.
கெட்ட எண்ணெய் இல்லை.
ஃபில்டரே இல்லாத பழைய லாரிக்கு அது அமுதம்.
இந்த வானின் கையேட்டில்
சாம்பல் குறைந்தது மட்டும் என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தது.
படித்தேன்.
எண்ணெய் எண்ணெய்தானே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
புனலை வைத்தேன்.

லீட்டருக்கு ஆறு டொலர் மிச்சம்.
ஆறு லீட்டர், ஏழு தடவை:
இருநூற்று ஐம்பத்திரண்டு.
புது ஃபில்டர் நாலாயிரத்து முந்நூறு.
இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை,
இருந்தும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

பில் புத்தகத்தில்
'குறுகிய ஓட்டத்தால் அடைப்பு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
அதுதான் அதில் மோசமானது.
தாளைக் கிழித்தேன். கார்பன் தாளின் அடியில்
அதே வரி நீலமாய் இருந்தது.
அதையும் கிழித்தேன்.

விடிய மூன்றரைக்கு
மருமகனின் காரில் வந்தாள்.
பின் இருக்கையில் ரொட்டித் தட்டுகள்,
முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் முகம்.
மேசையில் விரித்திருந்த தாளைப் பார்த்தாள்.
நான் தடுக்கும் முன்னே
ஒரு சிட்டிகை எடுத்து
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
உரசிப் பார்த்தாள்,
முப்பது வருடமாய் மாவைப் பார்க்கிற மாதிரி.

"நைசாக இருக்கிறது," என்றாள்.
விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே
"எவ்வளவு?" என்றாள்.

விலையைக் கேட்டாளா, எடையைக் கேட்டாளா,
எனக்கு விளங்கவில்லை.
தொண்ணூற்றுநாலு கிராம் என்றேன்.

பிறகு, டிரம்மைக் காட்டி,
மீதியையும்.