ஏன் என்ற பொத்தான்

பெருங்குடியில் ஆறாவது மாடி.
இரவு ஒன்றரை, ஏசி குளிர்,
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
ஒரு முழங்காலைப் பற்றி எழுதுகிறேன்.

முழங்கால் கனடாவில் இருக்கிறது.
சமவெளி நடுவே ஓர் அரசுப் பல்கலைக்கழகம்,
அதன் பெண்கள் பனி ஹாக்கி அணி,
அதில் முப்பத்தோராம் எண் சட்டை.
கோல் காப்பவள்.
பெயரை எங்களுக்குத் தரவில்லை,
இடது முழங்காலை மட்டும் தந்திருக்கிறார்கள்.

வீக்கம் இருந்தால்,
படியிறங்கும்போது வலி கூடினால்,
போன ஆட்டம் முடிந்து நாற்பது மணி நேரம் ஆகாதிருந்தால்
ஓய்வு கொடு.
விதி இருநூற்றுப் பன்னிரண்டு.
ஆல் ஆல் என்று முடியும் வரிகளுக்குத்தான்
எனக்கு மாதச் சம்பளம்.
இந்த ஆலில் விழுது இறங்குவதில்லை.

அங்கே பிசியோதெரபிஸ்ட் மார்லீன்,
இருபத்திரண்டு வருடமாகக் கால்களைத் தொட்டுப் பார்ப்பவர்.
அவர் விரலுக்குத் தெரிந்ததையெல்லாம்
கேட்டுக் கேட்டு வாங்கி
இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும்.
"வலியை மறைக்கிறாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"
திரையில் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.
பின்னால் ஜன்னலில் பனி
யாரோ தலையணையைக் கிழித்த மாதிரி.
"அன்றைக்கு ரொம்ப ஜோக்கடிப்பாள்."

ஜோக்கை எந்தக் கட்டத்தில் போடுவது?
தமீமுன்னிசா ஒரு வரி சேர்த்தாள்,
அதிகச் சிரிப்பு: ஆம், இல்லை.
விதி இருநூற்றுப் பதின்மூன்று.
மேலாளர் நீக்கச் சொன்னார், நீக்கினோம்.
எண் மட்டும் காலியாக நிற்கிறது
இடித்த வீட்டின் கதவிலக்கம் போல.

எங்கள் மென்பொருளில்
ஏன் என்று ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் வந்த வழியெல்லாம் சொல்லும்:
எந்த விதி, எந்தத் தகவல், நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை.
அண்ணன் வேளச்சேரி வீட்டைப் பூட்டி
சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்
ஒன்பது மாதம்.
அழுத்த ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் கடைசி ஆட்டம்.
ஓய்வு கொடு என்றன எங்கள் விதிகள்.
மார்லீன் ஏன் என்று கேட்கவில்லை.
பக்கத்திலேயே சிவப்பாக, மீறு என்று இன்னொன்று இருக்கிறது.
அதை அழுத்தினார்.
காரணம் எழுதும் இடத்தில்
இன்று அமைதியாக இருக்கிறாள் என்று மட்டும்.

அங்கே இரவு ஏழு, இங்கே விடிந்து ஆறரை.
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தோம்,
ஒன்பது பேர், ஒரு திரை, ஆறிப்போன பொங்கல்.
முப்பத்தோராம் எண்
காலை மடக்கி விழுந்து, எழுந்து, விழுந்து
இருபத்தேழு பந்துகளைத் தடுத்தாள்.
பந்தில்லை, வட்டு.
ஒரு வருடமாகியும் வாயில் பந்துதான் வருகிறது.
இருபத்தெட்டாவது உள்ளே போனது.
தோற்றார்கள்.
முழங்கால் தாங்கியது.
பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

ஏழே முக்காலுக்குப் பறக்கும் ரயில் நிலையப் படிகள்.
தூரத்துச் சதுப்பில் ஒற்றைக் காலில் பூநாரைகள்.
"பார், இதுங்க எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தாச்சு" என்றேன்.
மேலே போவதற்குள் இன்னும் இரண்டு சொன்னேன்,
மேலாளரைப் பற்றி ஒன்று,
பூட்டைப் பற்றி ஒன்று.

தமீமுன் சிரிக்கவில்லை.
டிக்கெட்டைக் கையில் மடித்தபடி
என் முகத்தையே பார்த்தாள்,
நீக்கிய வரியைத்
திரும்பத் தட்டுகிறவள் மாதிரி.

ரயில் வந்தது.
உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனோம்.