சாட்சி: கொண்டுவந்தவர்

ஞாயிற்றுக்கிழமைக்கு அறுத்த கோழி.
இரைப்பையைக் கீறினால்
மணலோடும் மக்காச்சோளத்தோடும் இது கிடந்ததாம்.
கழுவி, சோப்புக் காகிதத்தில் சுற்றி,
மூன்று பேருந்து மாறி
தியோஃபிலோ ஒடோனிக்கு வந்திருக்கிறாள் தோனா ஜெனெரோசா.
பாட்டில் கண்ணாடி என்று
புருஷன் சொல்லிவிட்டானாம்.

நானும் முதலிலேயே சொல்லிவிட்டேன்:
எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்று.
காப்பித் தோட்டத்தில்
பழத்தையும் காயையும் ஒரே கூடையில் பறித்தவன்.
துரத்தினார்கள். எண்களிடம் வந்து சேர்ந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.
"அப்புறம் எதை வைத்துப் பார்ப்பாய்?"

காற்றில் ஒன்று புள்ளி ஒன்று இரண்டு கிராம்.
நீரில் தொங்கவிட்டதும் புள்ளி மூன்று இளைத்தது.
வகுத்தால் மூன்று புள்ளி ஏழு மூன்று.
பாட்டில் இத்தனை கனக்காது,
நீலக்கல் இன்னும் கனக்கும்.
புஷ்பராகத் துண்டில் உரசினேன்:
கீறல் வாங்கியது புஷ்பராகம்தான்.

அவள் சம்மதித்த ஓரத்தில்
சக்கரம் ஒரு சிறு ஜன்னல் திறந்தது.
ஒளிவிலகல்மானியில் இரண்டு நிழல் விளிம்பு,
ஒன்று ஏழு நாலு ஆறில்,
ஒன்று ஏழு ஐந்து ஐந்தில்.
கல்லைத் திருப்பத் திருப்ப
இரண்டும் நகர்ந்தன.
கார்னெட்டுக்கு ஒரே நிழல், அதுவும் அசையாது.

நுண்ணோக்கியில் வளைந்த கோடு இல்லை.
சூளையில் பிறந்ததல்ல.
விரல்ரேகைபோல் வரிசையாகத் துளிகள்,
ஏதோ மிகப் பழைய தண்ணீர்.

இருநிறங்காட்டியை மட்டும் அவள் கையில் கொடுத்தேன்.
"இரண்டு கட்டம் தெரியும். சொல்லுங்கள்."
"ஒன்று எலுமிச்சை இலை. பக்கத்தில் பப்பாளி."
கல்லைச் சற்றுப் புரட்டினேன்.
"இலை இருக்கிறது. பப்பாளி போய்விட்டது...
அங்கே கோழி ரத்தம்."

மூன்று.
நீலக்கல்லுக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது.

கடைசியாக ஜன்னலோரம் வைத்தேன்,
பிறகு பழைய குண்டு பல்பின் கீழே.
"பார்த்தாயா, பார்த்தாயா" என்று
என் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள்.
பார்த்தேன்.
இரண்டு இடத்திலும்
நனைந்த சாக்கின் நிறத்தில் ஒரு கல்.

அலெக்சாண்ட்ரைட் என்றேன். விலையையும் சொன்னேன்.
இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது.

அட்டையில் எழுதினேன்:
நிற மாற்றம், பலமானது.
சாட்சி, கொண்டுவந்தவர்.
கையெழுத்துக்கு நீட்டினால்
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வீட்டில் இன்னும்
பதினொரு கோழி இருக்கிறதே" என்றாள்.