ஏழாவது உத்திரம்

ஜனாதிபதி ஊரில் இல்லாத வாரம்
கரையான் பார்க்க என்னை அனுப்பினார்கள்.
வாசலில் காவலர் அட்டையைப் படித்தார்:
வீராப்பென், தெய்வானி. டார்ச், ஏணி, சுத்தியல்.
"காலணியைத் துடைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.
துடைத்தேன்.

ரெதுயி என்றால் ஒளிவிடம்.
எதிரிக் கப்பல் தெரிந்தால்
பெண்களும் குழந்தைகளும் ஓடிவந்து பதுங்க
ஆறுகள் அறுத்த பள்ளத்தின் விளிம்பில்
கும்பெனி போட்ட வீடு.
பதுங்க யாரும் வரவில்லை என்கிறார்கள்.
வந்தவர்கள் கவர்னர்கள்.
பிரெஞ்சில் விருந்து, பிறகு ஆங்கிலத்தில் விருந்து,
இப்போது நம் ஆட்கள்.
வராந்தாவின் வெள்ளைத் தூண்கள்
எல்லோருக்கும் ஒரே மாதிரி நேராக நின்றன.

தூண்கள் என் வேலை அல்ல.
சரவிளக்குக்கு மேலே ஒரு சதுரக் கதவு.
தவழ்ந்தால் வீட்டின் மறுபக்கம்:
வௌவால் எச்சம், ஏதோ புயலில் வளைந்த தகரம்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
உத்திரங்களைத் தட்டிக்கொண்டே போனேன்.
நல்ல மரம் டொக் என்னும்.
தின்ற மரம் பதில் சொல்லாது.

இரண்டாவதன் அடியில் ஏதோ வெட்டியிருந்தது.
ஊதினேன். உ.
திரும்பிப்போய்ப் பார்த்தால் முதலாவதில் க.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
புதுச்சேரித் தச்சன் ஒருவன்
இருநூற்றைம்பது வருடம் இருட்டில் கிடந்து
எனக்கு என்ன சொல்ல வருகிறான்?
க, உ, பிறகு ங மாதிரி ஒன்று, ச, ரு.
பெயரா, மந்திரமா, சாபமா?
மல்லாந்து படுத்துக்கொண்டு கூட்டிக் கூட்டி வாசித்தேன்.
சொல் வரவில்லை.

எட்டாவதில் அ பார்த்தபோதுதான் உறைத்தது.
சனிக்கிழமைத் தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்,
எந்த டீச்சரும் நடத்தாத பக்கம்.
எண்கள்.
இந்த உத்திரம் இந்தக் குழியில் உட்காரும், அவ்வளவுதான்.
அவன் என்னிடம் பேசவே இல்லை.
கீழே நின்றவனிடம் பேசினான்:
"நாலைத் தூக்கு."

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.
இந்தக் கல்லையெல்லாம் சுமந்து ஏற்றியவர்களுக்கும்
எண் உண்டு, பேரேட்டில்,
எண்ணுக்கு எதிரே விலை.
சுவரையும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
அது என் வேலையில் இல்லை.

ஏழாவது இல்லை.
அந்த இடத்தில் இரும்பு, சிவப்புப் பூச்சு,
ஏதோ ஆலையின் முத்திரை.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
பேசாமல் சுமந்துகொண்டிருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
உத்திரங்கள் எட்டு, ஒன்று மாற்றப்பட்டது.
மூன்றாவதில் கரையான், தொடக்க நிலை.
குறிகள் உள்ளன. மேலே பெயின்ட் அடிக்க வேண்டாம்.
கடைசி வரியை மேலதிகாரி அடித்துவிடலாம்.

வெளியே வரும்போது காவலர் கேட்டார்:
"மேலே ஏதாவது இருந்ததா?"
"ஏழு" என்றேன்.
வௌவாலாக்கும் என்று தலையாட்டினார்.