மூணு தரம்

மூக்கையூர் ஏலக் கொட்டகையில்
மிக்கேல் அண்ணன் தொண்டையிலிருந்துதான்
ஜெரோனுக்குப் பேச்சு வந்தது.
பசித்தால், “முன்னூறு முன்னூறு.”
மழை பிடிக்காவிட்டால், “கூடை நானூத்தம்பது.”
கிளிப்பிள்ளை என்றார்கள்.
ஆறு வயதுவரை
இதென்ன, இதென்ன என்று
அவன் முகத்துக்கு நேரே
காரல் மீனைத் தூக்கிப் பிடித்து நின்றவள் நான்.

சாயல்குடியில் தெரபி டீச்சர்
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்து
அவனோடு ஒரு டப்பா மூடியைச் சுழற்றினாள்,
முக்கால் மணி நேரம்.
எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
“அவன் விளையாட்டுக்குள்ள போங்க.
பாதியில நிறுத்துங்க.
காத்திருங்க.”

இப்போது சாயங்காலம்
எங்கள் வாசலில் ஏலம்.
என் செருப்பு, உடைந்த மிதவை,
அவன் அப்பாவின் சார்ஜர்.
ஒரு தரம், என்பேன்.
ரெண்டு தரம்.
வாயை மூடிக்கொள்வேன்.
அவன் விரல்கள் காதோரம் படபடக்கும்.
பத்து எண்ணுவேன், இருபது,
உள்ளே குக்கர் கத்தும்,
போகமாட்டேன்.
தை மாதம், “மூ.”
காற்று திரும்பிய பங்குனியில், “மூணு தரம்.”
அன்றைக்குச் சார்ஜர்
மூன்று கிளிஞ்சலுக்குப் போனது.

நேற்று
அவனுடைய நீல வாளியை ஏலத்தில் வைத்தேன்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.
என்னைப் பார்க்கவில்லை.
வாளிக்குள் தலையை விட்டு,
“தர...”
நான் மூச்சுவிடவில்லை.
“தரமாட்டேன்.”

மிக்கேல் அண்ணன்
ஒருநாளும் கூவாத சொல்.

இந்த முறை
வாளிதான் அதைத் திருப்பிச் சொன்னது.